நெஞ்செரிச்சலும் இருபத்திரண்டு பிள்ளைகளும்

எனக்குப் படிப்பு வந்ததும் நெஞ்செரிச்சல் வந்ததும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான். அதனால் எங்கள் வீட்டில் இரண்டையும் பிரித்துப் பார்க்கவே இல்லை. நான் ஏப்பம் விடும்போதெல்லாம் அம்மா சொல்வாள்: "பொட்டப்பிள்ளைக்கு அம்புட்டுப் படிப்பு வேணாம்னேன். கேட்டாகளா? இப்பப் பாரு, செரிக்காம மேல வருது."

அப்பா பழனியில் ஜட்கா வண்டி ஓட்டினார். ரயிலடியில் இறங்கும் பக்தர்களை அடிவாரத்தில் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் தன் பெயரை எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நான் பள்ளி இறுதி வகுப்பு தேறி, ஆசிரியப் பயிற்சியும் முடித்தபோது அப்பா குதிரைக்குப் புது மணி வாங்கிக் கட்டினார். பாஸானது நான், மணி குதிரைக்கா என்று கேட்டேன். "மழை நாள்ல உன்னய பள்ளிக்கூடத்துக்கு இழுத்துட்டுப் போனது அதுதான?" என்றார். நான் கர்வக்காரி. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

நோய் தொடங்கியது பயிற்சிப் பள்ளி விடுதியில். ராத்திரிச் சாம்பார் சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டுக் குப்புறப் படுத்துப் படிப்பேன். தூங்காமலிருக்க இரண்டு தம்ளர் காப்பி. ஒருநாள் மார்புக்கு நடுவில் யாரோ நெருப்புக் கங்கு வைத்து ஊதுவதுபோல ஓர் எரிச்சல் கிளம்பியது. பின்னாலேயே புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. பரீட்சை முடிந்தால் இதுவும் முடிந்துவிடும் என்று நினைத்தேன். பரீட்சை மட்டும் முடிந்தது.

இது இல்லாதவர்களுக்கு இதைப் புரியவைக்க முடியாது. காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். கை ஒடிந்தால் கட்டுப் போட்டிருக்கும். இதற்கு வெளியே காட்ட அடையாளம் ஒன்றும் கிடையாது, ஏப்பத்தைத் தவிர. ஏப்பத்தைப் பார்த்தால் யாருக்கும் இரக்கம் வருவதில்லை. நன்றாகச் சாப்பிட்டிருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

என்னை முதலில் நியமித்தது மலையில். கோடைக்கானலைத் தாண்டி, போளூர்ப் பக்கம் போகும் வழியில் ஒரு சின்ன ஊர். பஸ் கிடையாது. உருளைக்கிழங்கு ஏற்றிப்போகும் லாரி வரும் இடம் வரைக்கும் வந்து, அங்கிருந்து நடக்க வேண்டும். ஓராசிரியர் பள்ளி. இருபத்திரண்டு பிள்ளைகள். இருபதுக்குக் குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள் என்று ஆர்டரைக் கொடுத்த குமாஸ்தாவே சொல்லி அனுப்பினார். மூடினால் நான் பழனிக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே அம்மா ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தாள். எனக்கு வேலை போனால் மறுநாளே கட்டிக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தாராம். வேலை இருக்கும்வரை வேண்டாமாம். ஆகையால் அந்த இருபத்திரண்டு தலைகளையும் நான் தினமும் இரண்டு தடவை எண்ணுவேன்.

அந்த ஊரில் ஆசிரியருக்கு முறைச்சோறு. ஒரு நாளைக்கு ஒரு வீடு. மத்தியானமும் ராத்திரியும் அந்த வீட்டில்தான் சாப்பிட வேண்டும். நானே பொங்கிக்கொள்கிறேன் என்று முதல் நாளே சொல்லிப் பார்த்தேன். "எங்க ஊரு டீச்சரு அடுப்பு ஊதுனா, நாளைக்கு நாங்க அடுத்த ஊருல தலை காட்ட முடியுமா?" என்று கேட்டார்கள். அதற்குமேல் பேச வழியில்லை.

பகலெல்லாம் காட்டில் வேலை. சோறு இறக்க இருட்டிவிடும். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று மிளகாயையும் புளியையும் கை நிறைய அள்ளிப் போடுவார்கள். டீச்சர் வந்திருக்கிறாளே என்று எனக்கு அதில் இரண்டு கரண்டி கூட. சாப்பிட்டவுடன் ஊரே கம்பளியைப் போர்த்திப் படுத்துவிடும். என்னால் படுக்க முடியாது. படுத்தால் குழம்பு திரும்பி வரும். எனக்குத் தங்கக் கொடுத்த அறையில் கிடந்த உருளைக்கிழங்கு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவேன். விதைக்கிழங்கு மூட்டை அது. மாசி பிறந்ததும் உள்ளே முளைவிட்டு முதுகில் குத்தத் தொடங்கியது.

காலையில் எழுந்தால் குரல் இருக்காது. லாரி கிளீனர் குரலில் கடவுள் வாழ்த்துப் பாடுவேன். பிள்ளைகளும் அதுதான் ராகம் என்று எண்ணி அதே குரலில் பாடினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னால் குனிய முடியாது. சாக்குக்கட்டி கீழே விழுந்தால் விழுந்ததுதான். பிள்ளைகள் எடுத்துக் கொடுப்பார்கள். "டீச்சரு குனியவே மாட்டாக, அம்புட்டுக் கவுரவம்" என்று ஊரில் பேச்சு. அதை நான் மறுக்கவில்லை. வயிறு சரியில்லாதவள் என்று பெயரெடுப்பதைவிடக் கவுரவக்காரி என்று பெயரெடுப்பது எனக்குப் பிடித்திருந்தது. தவிர, வேலையில் சேரும்போது உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் கையெழுத்து. அது பொய்க் கையெழுத்து என்று எப்படிச் சொல்வது?

ஊரின் மேற்கோடியில் ஒரு வீடு. அந்த வீட்டம்மாவுக்கு ஆறு பிள்ளைகள். கல்யாண வயதில் நின்ற மூத்தவளும் கைக்குழந்தையாகத் திரிந்த கடைக்குட்டியும் போக, நடு நான்கும் என்னிடம் படித்தன. அவர் வைக்கும் பூண்டுக் குழம்பு அந்தப் பக்கத்து மலையில் பேர்பெற்றது. சம்பந்தம் பேச வருகிறவர்களைக்கூட அந்தக் குழம்பை ஊற்றித்தான் வழிக்குக் கொண்டுவருவார்களாம். என் முறை அங்கே வந்த ராத்திரி சாமைச் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பண்ணி, குழியில் குளம் கட்டினார். முழுப் பூண்டுகள் மிதந்தன. இரண்டு வாய் சாப்பிட்டேன். மூன்றாவது வாய்க்கு இடமில்லை. முதல் வாய் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"என்ன டீச்சரம்மா, சோறு அப்படியே கெடக்கு?"

"போதுங்க. வயிறு நெறஞ்சிருச்சு."

"ரெண்டு வாயிலயா? கோழிக்குஞ்சு இதவிடக் கூடத் திங்குமே."

"இல்ல, கொஞ்சம் காரம்..." வாய் தவறி வந்துவிட்டது.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். திரும்பி, சுவரோரம் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரிடம் சொன்னார்: "இங்கேருங்க. எங் கொழம்பு காரமாம்ல."

வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. அனுபவசாலி.

மறுநாள் அந்த வீட்டு நான்கு பிள்ளைகளும் வரவில்லை. பக்கத்து வீட்டுச் சிறுமி வந்து ஒப்பித்தாள்: "எங்க வீட்டுச் சோறு ஆகாதவுகளுக்கு எங்க வீட்டுப் பிள்ளையளும் ஆக வேணாமாம். பெரியம்மா சொல்லச் சொன்னாக." எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு. பங்குனியில் இன்ஸ்பெக்டர் வருவதாகக் கடிதம் வந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை சாக்குக்கட்டி வாங்கக் கோடைக்கானல் போனேன். கிழங்கு லாரியில் குலுங்கி இறங்கியதில் நெஞ்சு பற்றி எரிந்தது. பஜாரில் வழக்கமாகச் சாமான் வாங்கும் பாய் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாய் என்னை உற்றுப் பார்த்தார்.

"எத்தன நாளா இருக்கும்மா?"

"எது பாய்?"

"அதாம்மா. மேல வருதுல்ல, அது."

அவர் பலகைக்கு அடியிலிருந்து ஒரு தம்ளரை எடுத்துச் சமையல் சோடாவைச் சிட்டிகை போட்டுக் கலக்கிக் குடித்தார். பிறகு கடையில் தொங்கிய தராசு ஆடும்படி ஓர் ஏப்பம் விட்டார். எனக்கும் ஒரு தம்ளர் கலக்கித் தந்தார்.

"குனிஞ்சா வருதா?"

"வருது பாய்."

"படுத்தா?"

"வருது."

"சிரிச்சா?"

"அதுக்கும் வருது."

"அப்ப நீ நம்ம சாதிதாம்மா" என்றார். இருபது வருஷமாக அவருக்கு இது இருக்கிறதாம். மகள் கல்யாண விருந்தில் மற்றவர்கள் பிரியாணி சாப்பிட, இவர் ஓரமாக உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றாராம். சம்பந்தி வீட்டார் அதற்கே கோபித்துக்கொண்டு ஒரு வருஷம் பேசவில்லையாம். "கட்டிலுக்குத் தலைமாட்டுல ரெண்டு செங்கல் வையி. ராத்திரிச் சோத்த வெள்ளனே முடிச்சுக்க. காப்பியத் தொடாத" என்றெல்லாம் சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டார். "நோம்பு மாசத்துலதாம்மா கொஞ்சம் நிம்மதி. பகல்ல எவனும் சாப்புடு சாப்புடுன்னு உயிர எடுக்க மாட்டான். ஆண்டவன் பேரச் சொல்லிட்டா ஒரு பய சோத்தத் திணிக்க முடியாது பாரு."

அவர் சும்மாதான் சொன்னார். நான் திரும்பி நடந்த வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு போனேன்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி முறைவீட்டுக்குப் போய்த் தட்டுக்கு முன்னால் உட்காராமல் நின்றேன். "இன்னைக்குப் பழனியாண்டவனுக்கு விரதம். பாலும் பழமும் மட்டுந்தாங்க" என்றேன். வீட்டம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு சொம்பு காய்ச்சின பாலும் மூன்று மலைவாழைப்பழமும் வந்தன. அன்றைக்குப் பல மாதங்களுக்குப் பிறகு விடியும்வரை தூங்கினேன்.

ருசி கண்டுவிட்டேன். திங்கட்கிழமை சிவனுக்கு. வெள்ளிக்கிழமை அம்மனுக்கு. அப்புறம் கிருத்திகை, சஷ்டி. வியாழக்கிழமைக்கு எந்தச் சாமி என்று ஒரு நிமிஷம் தடுமாறி, குருவுக்கு என்றேன். வாத்தியார் வேலைக்குப் பொருத்தமாகவும் இருந்தது. ஞாயிறு சூரியனுக்குப் போயிற்று. ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பழனியில் பிறந்த பெண் விரதம் இருக்காமல் வேறு யார் இருப்பார்கள்?

இரண்டாவது வாரம் மேற்கோடி வீட்டம்மா கையில் பால் சொம்போடும் பின்னால் நான்கு பிள்ளைகளோடும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"ஏம்மா, விரதக்காரப் பிள்ளைன்னு எங்கிட்டச் சொல்ல வேணாமா? விரதத்துக்குப் பூண்டு ஆகாதுல்ல! அன்னைக்கு அதனாலதான மிச்சம் வச்சுட்ட? நான் ஒரு கூறுகெட்டவ, எங் கொழம்பத்தான் கொறை சொல்றன்னு நெனச்சுட்டேன்."

எனக்கான பொய்யை அவரே தைத்துக் கொண்டுவந்து நீட்டினார். நான் தலையை ஆட்டி அதைப் போட்டுக்கொண்டேன். "ஏலே, உள்ள போங்கடா. டீச்சரு கால்ல விழுந்துட்டுப் போங்க" என்று பிள்ளைகளைத் தள்ளிவிட்டார். இருபத்திரண்டு.

இத்தோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் காலி வயிறும் எரியும் என்பது எனக்குத் தெரியாது. விரதம் கூடக் கூட ஏப்பமும் கூடிற்று. பொழுது சாயும் நேரத்தில் வரிசையாக வரும், நீளமாக, அடிவயிற்றிலிருந்து. அந்த ஊரில் யார் மேலாவது சாமி இறங்குவதற்கு முன்னால் இப்படித்தான் கொட்டாவியும் நீள ஏப்பமும் வருமாம். இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ராத்திரி எனக்குத் துணையாகப் படுக்க வரும் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரிந்திருந்தது. மூன்று நாள் கம்பளிக்குள்ளிருந்து கேட்டுவிட்டு நான்காம் நாள் காலை குழாயடியில் சொல்லிவிட்டாள்: "டீச்சரு மேல பழனியாண்டவரு எறங்குறாரு. ராத்திரி பூராம் வாறாரு, போறாரு."

மறுநாள் பள்ளிக்கூடத்து வாசலில் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். மாட்டைக் காணோமாம்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? ஓடைப்பக்கம் போய்த் தேடிப் பாருங்க" என்றேன். அந்த ஊர் மாடுகள் எல்லாமே ஓடைப்பக்கம்தான் போகும். மாடு அங்கேதான் நின்றது.

அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. இந்த வருஷம் பூண்டு போடவா, கிழங்கு போடவா? மருமகள் எப்போது திரும்பி வருவாள்? தெரியாது தெரியாது என்று நான் சொல்லச் சொல்ல, சாமி சோதிக்கிறது என்றார்கள். இருட்டில் பேய் கிடையாது, மின்னல் இப்படித்தான் உண்டாகிறது என்று பகலெல்லாம் பாடம் நடத்துகிறவள் நான். சாயங்காலம் என் வாசலில் எலுமிச்சம்பழம் குவிந்தது. அதையும் நான் சாப்பிட முடியாது, புளிப்பு.

ஊர்க் கோடாங்கி ஒருநாள் உடுக்கையோடு வந்துவிட்டார். பரம்பரையாகக் குறி சொல்கிறவர். நிதானமாகத்தான் பேசினார்.

"டீச்சரம்மா, ஆளுக்கொரு சோலி இருக்கு. நான் என்னைக்காச்சும் பள்ளிக்கூடத்துக்குள்ள வந்து வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தனா?"

"இல்லீங்க."

"அப்பறம் காணாமப் போன மாட்டுச் சோலிக்கு நீங்க ஏன் வர்றீக?"

நியாயமான கேள்வி. அவரிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மேற்கோடி வீட்டு நான்கு பிள்ளைகளும் ஞாபகத்துக்கு வந்தார்கள். "இனிமே வர மாட்டேங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் போகும்போது, "அந்த ஏப்பம் மட்டும் நெசமாவே நல்லா வருது உங்களுக்கு" என்றார். தொழில் தெரிந்தவர் பாராட்டு.

பங்குனி இரண்டாவது திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் மட்டக்குதிரையில் வந்து இறங்கினார். கழுத்தில் மப்ளர், கையில் நோட்டு. எனக்கு அன்று பயத்தில் ஒன்றும் இறங்கவில்லை. முறைவீட்டம்மா, "வெறும் வயித்தோட பாடம் எடுக்காதீக" என்று கருப்பட்டிக் கடுங்காப்பியைக் கொடுத்தார். பாய் தொடாதே என்றது ஞாபகம் வந்தது. குளிராகவும் இருந்தது. குடித்துவிட்டேன்.

இருபத்திரண்டு பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சன்னலுக்கு வெளியே பாதி ஊர். இன்ஸ்பெக்டர் சுவரில் தொங்கிய உடல் படத்தைக் காட்டி, "இதையே நடத்துங்களேன்" என்றார். குச்சியை எடுத்தேன். வாயில் தொடங்கி உணவுக்குழாய் வழியாக நல்லபடியாகத்தான் இறங்கினேன். இரைப்பை படத்தில் கீழே இருந்தது. அதைக் காட்டக் குனிந்தேன்.

வந்தது. மூன்று கட்டமாக, ஒன்றைவிட ஒன்று நீளமாக.

பிள்ளைகள் எல்லோரும் சடாரென்று எழுந்து கைகூப்பி நின்றார்கள். "வந்துட்டாரு! வந்துட்டாரு!" என்று வெளியே குரல். மேற்கோடி வீட்டம்மா தட்டில் கற்பூரத்தோடு உள்ளே வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று மடியில் முடிந்து வைத்திருந்திருக்கிறார். என் முகத்துக்கு நேரே சுற்றினார். கற்பூரப் புகை தொண்டையில் ஏறி இன்னொரு ஏப்பத்தைக் கொண்டுவந்தது.

"சாமி, எம் மூத்தவளுக்கு இந்த வருசம் கலியாணம் முடிஞ்சிருமா?"

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கும் தைரியம் வந்துவிட்டது. "சாமி, இன்ஸ்பெக்டரு கணக்குக் கேப்பாரா?"

இன்ஸ்பெக்டர் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கியிருந்தார். "என்னம்மா நடக்குது இங்க?" என்றார்.

நான் குச்சியை மேசைமேல் வைத்தேன். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை இன்றைக்கும் அளந்து சொல்ல முடியவில்லை. "சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு நெஞ்செரிச்சல்" என்றேன்.

மேற்கோடி வீட்டம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப வெள்ளிக்கெழம விரதம்?"

"நெஞ்செரிச்சல்."

"கிருத்திக?"

"அதுவுந்தாங்க."

"வியாழக்கெழம, குருவுக்குன்னு..."

"அதுவும்."

கற்பூரத்தை ஊதி அணைத்தார். "அப்ப அன்னைக்கு எங் கொழம்ப மிச்சம் வச்சது?"

நான் தலையைக் குனிந்தேன். குனிந்ததில் மறுபடியும் ஒன்று வந்தது. அவர் நான்கு பிள்ளைகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். இன்ஸ்பெக்டர் மிச்சத்தை விரலால் எண்ணி நோட்டில் எழுதினார்.

"மேல ரெண்டு பள்ளிக்கூடம் பார்க்கணும். வெள்ளிக்கிழமை இந்த வழியாத்தான் திரும்புவேன். அன்னைக்கு இருபது பேர் இருக்கணும். நீங்க வேலை பார்க்கத் தகுதியானவங்கன்னு டாக்டர் சர்ட்டிபிகேட்டும் இருக்கணும். ரெண்டுல ஒண்ணு குறைஞ்சாலும் மூடச் சொல்லித்தான் எழுதுவேன்" என்றார்.

சாயங்காலம் மேற்கோடி வீட்டுக்குப் போனேன். அவர் உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் உட்கார்ந்து பூண்டைக் கட்டுக்கட்டாகத் தண்டோடு பின்னிக்கொண்டிருந்தார்.

"சீக்குன்னா சீக்குன்னு சொல்றதுக்கென்ன? மனுசருக்குச் சீக்கு வராதா? எங்க வீட்டு மனுசனுக்கு மூலம். நான் மறைச்சனா?"

உள்ளே யாரோ இருமினார்கள்.

"தப்புத்தாங்க. பிள்ளைகள அனுப்புங்க" என்றேன்.

"அனுப்புறேன். ஆனா ஒண்ணு. ஊரு பூராம் என்ன பேசுது தெரியுமா? எங் கொழம்பத் தின்னுதான் உங்களுக்கு இந்தச் சீக்கு வந்துச்சாம். எம் மூத்தவளுக்கு இனி எவன் வருவான்? எங் கொழம்பால வரலைன்னு டாக்டரு கைப்பட எழுதி வாங்கிட்டு வாங்க. வந்தா நாலும் வரும்."

செவ்வாய்க்கிழமை கோடைக்கானலில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் போனேன். மலையில் வெகுகாலம் இருந்தவர். வேதப் புத்தகத்தில் படித்த தமிழில்தான் பேசுவார். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "மகளே, உன் வயிற்றின் மேலே ஒரு வாசல் உண்டு. உணவு இறங்கிய பின்பு அது அடைபட வேண்டும். உனக்கோ அது திறந்தே இருக்கிறது" என்றார். சரியாகுமா என்று கேட்டேன். "முழுவதும் ஆகாது. ஆனால் நீ இதனால் சாகவும் மாட்டாய்" என்றார்.

ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கையெழுத்து, விரதம், மாடு, கற்பூரம் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன். சிரித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. "இது பாவம் அல்ல, மகளே. இது வயிறு" என்றார். வேலை பார்க்கத் தடையில்லை என்று சர்ட்டிபிகேட் எழுதினார். குழம்பைப் பற்றிக் கேட்டதும் பேனா நின்றது. "பூண்டுக் குழம்பு குற்றமற்றது என்று நான் எழுதுவதா? பொய் எழுத மாட்டேன்." கடைசியில் வேறொரு தாளில் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி மடித்துத் தந்தார்.

புதன்கிழமை மத்தியானம் நான் ஊர் வந்து சேர்ந்தபோது மேற்கோடி வீட்டம்மா பள்ளிக்கூடத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். கூடவே ஏழெட்டுப் பெண்கள்.

"படிங்க. ஒண்ணு விடாமப் படிங்க."

அந்த ஊரில் ஆங்கிலம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தாளில் என்ன இருந்தாலும் நான் சொல்வதுதான் தாளில் இருக்கும். அவ்வளவு பெரிய வசதி என் கைக்கு அதற்குமுன் வந்ததில்லை. இந்த வசதிக்காகத்தான் படித்தேனா என்றும் தோன்றியது. தாளை விரித்தேன்.

"இவர் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே இந்த நோய் இவருக்கு இருந்தது. எந்த வீட்டுச் சாப்பாட்டாலும் இது வரவில்லை."

"கேட்டுக்கங்கடி" என்று அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். "மிச்சம்?"

"இவர் ராத்திரிச் சாப்பாட்டைப் பொழுது இறங்கும் முன்பே முடிக்க வேண்டும். காப்பி கூடாது. புளி, மிளகாய் குறைக்க வேண்டும்." ஒரு மூச்சு விட்டுக்கொண்டேன். "பூண்டு கூடாது."

பெண்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"எந்தப் பூண்டு?" என்றார்.

"பூண்டுன்னுதாங்க போட்டிருக்கு."

"அந்தம்மா எங்க சாமான் வாங்குது?"

"கோடைக்கானல் பஜார்லதான் வாங்கும்."

"அதான் பாத்தேன். அங்க கெடக்குறது பூராம் கீழநாட்டுப் பூண்டு. அது எரியத்தான் செய்யும். நம்ம பூண்ட அந்தம்மா கண்ணுல பாத்திருக்காது, பாவம்." எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "அடுத்த முறை நம்ம வீடுதான? புளி இல்லாம, மொளகா இல்லாம, பூண்ட மட்டும் பால்ல வேகவச்சுத் தாறேன். வெள்ளனே வந்துருங்க."

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொள்வேன் எப்போதும். தலையை ஆட்டத் தயாராகவும் இருந்தேன்.

"வேணாங்க" என்றேன். "பூண்டு வேணாம். மோர்ச்சோறு போதும்."

"வேணாம்னா வேணாம்னு சொல்ல வேண்டியதுதான? இதுக்கு எதுக்குப் பழனியாண்டவர இம்புட்டுத் தூரம் இழுத்தடிச்சீக?" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை பிள்ளைகள் வரவில்லை. கோபம் தணிந்ததா இல்லையா என்று கேட்கவும் எனக்குப் பயம். அன்று குருவுக்கு விரதம் இல்லாமலேயே என்னால் ஒன்றும் சாப்பிட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டரின் மட்டக்குதிரை சரிவில் தெரிந்த பிறகுதான் மேற்கோடியிலிருந்து ஒரு வரிசை இறங்கி வந்தது. முகம் கழுவி, எண்ணெய் வழியத் தலைவாரி. மேற்கோடி வீட்டம்மா அவர்களை உள்ளே தள்ளிவிட்டுச் சன்னலருகே போய் நின்றுகொண்டார். இன்ஸ்பெக்டர் டாக்டர் சர்ட்டிபிகேட்டை இரண்டு முறை படித்தார். பிறகு பென்சிலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினார். எண்ணி முடித்தவர் நெற்றியைச் சுருக்கி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

"இருபத்து மூணு வருதே? உங்க ரிஜிஸ்தர்ல இருபத்திரண்டுதான் இருக்கு" என்றார்.

கடைசி வரிசையில், மூக்கொழுகிக்கொண்டு, கட்டைவிரலை வாயில் போட்டபடி, மேற்கோடி வீட்டுக் கடைக்குட்டி உட்கார்ந்திருந்தாள். வயது மூன்றுகூட இருக்காது. சிலேட்டை மடியில் தலைகீழாக வைத்திருந்தாள்.

"இது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் பதில் சொல்வதற்குள் சன்னலிலிருந்து குரல் வந்தது.

"இருக்கட்டும் சார். எதுக்கும் ஒண்ணு கூடவே இருக்கட்டும்."